கிள்ளான் வட்டாரத் தமிழரிடையே பசியாறலும் தேநீரும் தயிரும்: ஒரு வரலாற்று நோக்கு

மலாயாத் தமிழரின் உணவு வரலாற்றை ஆவணங்களில் தேடப் புகும் மாணவர் எவருக்கும் முதலில் எதிர்ப்படுவது கள். கள்ளுக்கடை உரிமம், கள்ளின் விலை, கள்ளால் விளைந்த அடிதடி, கள்ளொழிப்புக் கோரிக்கை எனப் பக்கம் பக்கமாகச் செய்திகள் கிடைக்கும். இதற்குக் காரணம் எளியது. கள் அரசுக்கு வருவாய் தந்தது. வருவாய் தருவதற்குக் கணக்கு உண்டு. கணக்கு உள்ளதற்குக் கோப்பு உண்டு. தோட்டத்து லயத்தின் பின்புறத்தில் ஒரு பெண் கடைந்த மோருக்கு உரிமம் வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படுமுன் குடித்த தேத்தண்ணீருக்கு எவரும் வரி விதிக்கவில்லை. ஆகவே அவை எழுத்தில் ஏறவில்லை. நகர்ப்புறப் பால்காரர் மட்டும் ஓரளவு பதிவாகியுள்ளனர். அதுவும் பாலில் தண்ணீர் கலந்ததற்காகச் சுகாதார அதிகாரிகள் தொடுத்த வழக்குகளின் வாயிலாக. நம்மவர் ஆவணத்துள் நுழையும் வாயில் பெரும்பாலும் குற்றமாகவே அமைந்துவிட்டது.

இதன் விளைவு சிறிதன்று. கோப்புகளை மட்டும் கொண்டு எழுதப்பட்ட வரலாற்றில் தோட்டத் தமிழர் மாலைதோறும் கள்ளுக்கடை வாசலில் நிற்பவராகவே காட்சி தருகின்றனர். காலையில் அவர் என்ன உண்டார், வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன சமைத்தனர், பிற்பகல் வேலை முடிந்து திரும்பியவர் எதைக் குடித்துக் களைப்பாறினார் என்பன கேட்கப்படுவதே இல்லை. கள்ளின் கொடுமையை மறைப்பது நம் நோக்கமன்று. ஒரு சமூகத்தின் துன்பங்களை எழுதும் அதே கவனத்தோடு அதன் அன்றாடச் சிறு இன்பங்களையும் எழுதினாலன்றி அச்சமூகத்தின் முகம் முழுமை பெறாது என்பதே நாம் கூற விரும்புவது. இக்கட்டுரை கிள்ளான், பண்டமாரான், பிரிக்பீல்ட்ஸ் ஆகிய இடங்களை மையமாகக் கொண்டு எளிய சைவ உணவு, தேநீர், தயிர் ஆகியன மலேசியத் தமிழர் வாழ்வில் பெற்ற இடத்தை ஆராய முற்படுகிறது. ஆவணம் வாய் திறவாத இடங்களில் சொற்களையே சான்றாகக் கொள்கிறோம்.

இடப்பின்னணி

பண்டமாரான் கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட பகுதி. போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயருடன் 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட துறைமுகம், மலேரியாக் காய்ச்சலால் சில வாரங்களிலேயே மூடப்படும் நிலைக்கு ஆளாயிற்று. கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து நோயைக் கட்டுப்படுத்தியது உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. 1972இல் இத்துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழகத்திலிருந்து கப்பலேறிய தொழிலாளர் பலர் சிலாங்கூர் மண்ணில் கால் வைத்தது இங்கேதான். பண்டமாரான் புதுக்கிராமமோ 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களைக் கூட்டிக் குடியமர்த்தியதன் விளைவு. எனவே பண்டமாரானின் உணவைப் பற்றிப் பேசுவோர் தமிழர் அடுப்பை மட்டும் பார்த்தால் போதாது.

கிள்ளான் வட்டாரத் தமிழர் முதலில் பால்மரத்துக்காக வந்தவரல்லர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இப்பகுதியில் காப்பித் தோட்டங்களே பரவின. பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை சரிந்தபோது தோட்ட முதலாளிகள் ரப்பருக்கு மாறினர். காப்பி பயிரிட வந்த மக்கள் ரப்பர் வெட்டத் தொடங்கி, காலப்போக்கில் தேநீர் குடிப்பவராயினர்.

பசியாறல் என்னும் சொல்

தமிழகத்தார் காலையில் உண்பதைச் சிற்றுண்டி என்றும் டிபன் என்றும் கூறுவர். மலேசியத் தமிழர் அதனைப் பசியாறல், பசியாறை என்பர். 'பசியாறியாச்சா?' என்னும் வினா காலை வணக்கத்துக்கு ஈடாகத் தோட்டங்களில் வழங்கியது. இன்றும் முதியோரிடையே வழங்குகிறது. ஆறு என்னும் வினைக்குச் சூடு தணிதல், சினம் தணிதல், புண் ஆறுதல், மனம் ஆறுதல் எனப் பல பொருள் உண்டு. பசியையும் அவ்வாறே தணியவேண்டிய வெம்மையாகக் கருதியது தமிழ். அதே வினையின் பிறவினை வடிவமே தேநீரை ஆற்றுதல் என்பதிலும் வருகிறது. காலையில் ஒருவர் ஒட்டுக்கடையில் அமர்ந்து தேநீரை ஆற்றிக் குடித்துப் பசியாறுகிறார் என்னும்போது ஒரே வினை இருமுறை தொழிற்படுவதைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்குச் சுட்டிக்காட்டலாம். இலக்கண வகுப்புக்கு இதனினும் சுவையான எடுத்துக்காட்டு அரிது.

பசியாறலுக்குரிய பண்டங்கள் பலவும் மலாய் மொழிக்குள் சென்று தங்கிவிட்டன. தோசை தோசேயாகவும், அப்பம் அப்பாமாகவும் அங்கே வழங்குகின்றன. இடியப்பம் புத்து மாயம் எனப் பெயர் பெற்றுள்ளது. கடை என்னும் தமிழ்ச் சொல்லே மலாயில் கெடாய் ஆயிற்று. உண்ணும் பொருளும் அதனை விற்கும் இடமும் ஒருசேரக் கடன் பெறப்பட்டிருப்பது, இவ்வுறவு அன்றாடத் தெருவில் நிகழ்ந்தது என்பதைத் தெளிவுறுத்துகிறது.

சைவம்: ஆளைக் குறித்த சொல் நாளைக் குறித்தது

மலேசியத் தமிழருள் பெரும்பான்மையினர் புலால் உண்பவர். ஆயினும் சைவ உணவு அவர்களுக்கு அயலானதன்று. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, தைப்பூச விரதம், புரட்டாசிச் சனி என நாள் பார்த்துச் சைவம் உண்பர். தமிழகத்தில் 'அவர் சைவம்' என்றால் அது பெரும்பாலும் பிறப்பையும் குலத்தையும் குறிக்கும். இங்கு 'இன்றைக்கு நாங்கள் சைவம்' என்பதே இயல்பான வழக்கு. ஆளின் அடையாளமாக இருந்தது நாளின் அடையாளமாக மாறியிருக்கிறது. இம்மாற்றத்தை நாம் முதன்மையானதாகக் கருதுகிறோம். சைவ உணவு குலத்தின் சொத்தாக இருந்த நிலை நீங்கி, எவரும் விரும்பிய நாளில் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்றாயிற்று.

சைவம் என்னும் சமயப் பெயர் உணவுப் பெயரானதில் யாழ்ப்பாணத்தார்க்குப் பங்கு உண்டு. ஆறுமுக நாவலர் (1822–1879) வழிவந்த மரபில் சைவராயிருத்தலும் புலால் மறுத்தலும் பிணைந்தே பேசப்பட்டன. இருப்புப்பாதைப் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் வந்த இலங்கைத் தமிழர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறிக் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். மரக்கறி என்னும் சொல்லும் அவர்கள் நாவில் வந்தது. கிள்ளானிலோ புரட்டாசி மாதத்தில் மக்கள் திரளுவது 1892இல் தோன்றியதாகக் கூறப்படும் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில். பெருமாளை வேண்டி நோன்பிருப்போர் உண்ணும் உணவையும் இங்குச் சைவம் என்றே அழைக்கின்றனர். வைணவக் கோயில் வாசலில் 'சைவச் சாப்பாடு' என்று பலகை தொங்குவதில் எவருக்கும் முரண் தோன்றுவதில்லை. சமயச் சண்டைகளுக்குப் பெயர் பெற்ற இரு சொற்களை ஒரு வாழையிலை சமாதானப்படுத்திவிட்டது எனலாம்.

புரட்டாசியை ஒட்டியே சீனரின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசத் தேவர் விழா வருகிறது. அவ்விழாவின் ஒன்பது நாள்களும் சீனர் பலர் மரக்கறி உண்பர்; மஞ்சள் கொடி கட்டிய கடைகள் தெருவோரங்களில் தோன்றும். மாதப் பிறையின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அவர்களிடையே இவ்வழக்கம் உண்டு. பண்டமாரான் போன்ற ஊரில் இருவகை நோன்பும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் நிகழ்வதால் இரு இனத்தாரும் ஒருவர் கடையை ஒருவர் நாடுவது இயல்பாகிறது. வேறுபாடும் உண்டு. சீன நோன்புணவில் பூண்டும் வெங்காயமும் விலக்கப்படும்; தமிழர் சைவத்தில் வெங்காயம் தாராளமாகப் புழங்கும். சோயா அவர்களுடையது, தயிர் நம்முடையது. கிள்ளான் பெயர் பெற்றிருப்பதோ பன்றி எலும்புக் கஷாயமான 'பாக் குத் தே'யினால். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது நாட்டின் மரபுடைமை உணவுகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அப்பெயரின் இறுதியிலும் தே ஒட்டிக்கொண்டிருப்பது ஒருபுறமிருக்க, அதன் மரக்கறி வடிவமும் சீன சைவக் கடைகளில் கிடைக்கிறது என்பது சைவத்தின் செல்வாக்கைக் காட்டும்.

உணவகம் என்னும் நிறுவனத்தை நோக்கினால், தீவகற்பத்தின் தென்கோடியில் சிங்கப்பூரில் 1924இல் ஆனந்த பவனும் 1947இல் கோமள விலாசும் தோன்றின. சென்னையில் கிருஷ்ணா ராவ் 1938இல் நிறுவிய உட்லண்ட்ஸ் உடுப்பி மரபின் பெருமுகமாக விளங்கியது. ஆனால் தமிழகச் சைவ உணவகத்துக்கு ஒரு கசப்பான முன்வரலாறு உண்டு. யார் எங்கே அமரலாம் என்பது அங்கே பல்லாண்டுக்காலப் பூசல். 1957இல்கூட உணவகப் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் தொண்டர்கள் சென்னையில் மறியல் செய்து சிறை சென்றனர். கிராமத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை பற்றி இருபத்தோராம் நூற்றாண்டிலும் செய்திகள் வெளிவந்துள்ளன.

மலாயாவில் சாதி இல்லை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பாகும். தொடக்கக் காலத் தோட்டங்களில் ஆதிதிராவிடர்க்குத் தனி லயங்கள் ஒதுக்கப்பட்டதை ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். ஆயினும் தோட்ட எல்லையைக் கடந்து பட்டணத்துக்கு வந்த தொழிலாளி சீனரின் கோப்பிக் கடையிலோ இந்திய முஸ்லிம் ஒட்டுக்கடையிலோ அமர்ந்தபோது அவர் சாதியைக் கேட்க அக்கடைக்காரருக்குத் தேவையும் இல்லை, வழியும் இல்லை. காசு கொடுத்தவருக்குக் கண்ணாடிக் குவளை கிடைத்தது. அதே குவளை கழுவப்பட்டு அடுத்தவருக்குச் சென்றது. சீர்திருத்த மேடைகள் பேசியதை இக்கடைகள் சொற்பொழிவின்றிச் செய்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சுயமரியாதைக் கருத்துகளைப் பரப்பியதன் பங்கை நாம் குறைக்கவில்லை. அக்கருத்து வேர்கொள்ள நிலம் ஓரளவு பதப்பட்டிருந்தது, அதில் தேநீர்க் குவளைக்கும் இடமுண்டு என்பதே நம் கருத்து.

பிரிக்பீல்ட்ஸ் இன்று சைவ உணவகங்களுக்குப் பெயர் பெற்ற இடம். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் இருவரும் அங்கு லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தனர். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தோன்றிய நுண்கலைக் கோயில் அமைப்பு தொடங்கிய அன்னலட்சுமி உணவகம் ஒரு புதுமை செய்தது. உண்டவர் தம் மனத்துக்கு நிறைவான தொகையைத் தரலாம் என்பதே அதன் நெறி. கோயில் அன்னதானத்துக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட இந்நிலை தனியே ஆராயத்தக்கது.

தே, டீ, சாயா

சீனத்தின் தென்கடற்கரையில் ஹொக்கியன் பேச்சில் இப்பயிரின் பெயர் தே. வடக்கிலும் கந்தோன் பகுதியிலும் சா. கடல்வழி தேயிலை பெற்ற நாடுகள் தே என்பதையும், பிறவழி பெற்றவை சா என்பதையும் கொண்டன என்பது மொழியியலார் பொதுவாக ஏற்கும் விளக்கம். டச்சு வணிகர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற தே ஆங்கிலத்தில் டீ ஆயிற்று. தமிழகத்தார் இன்று டீ என்பது அவ்வாங்கிலத்தின் வழி வந்தது. இலைக்குத் தேயிலை என்றே பெயர் வைத்துக்கொண்டு, பானத்துக்கு மட்டும் ஆங்கிலப் பெயரைச் சொல்வது ஒரு விந்தை. மலையாளத்திலும் இலை தேயிலை, பானம் சாயா. தென்தமிழக முஸ்லிம்களிடமும் சாயா வழக்கு உண்டு. இலங்கையிலும் மலேசியாவிலும் உள்ள தமிழரே இலைக்கும் பானத்துக்கும் ஒரே வேரைக் காத்துள்ளனர். அங்கே தேத்தண்ணீர், இங்கே தே, தேத்தண்ணி. மலேசியத் தமிழர் 'தே ஓ' என்று கேட்பதைத் தூய தமிழன்று எனக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்களைக் காண்கிறோம். பால் கலவாத கறுப்புத் தேநீரைக் குறிக்கும் அந்த 'ஓ' ஹொக்கியன் மொழியில் கருமையைக் குறிப்பது. டீ என்னும் ஆங்கிலத்தைப் பொறுத்துக்கொள்ளும் காது அண்டை வீட்டாரின் சொல்லை மட்டும் ஏன் வெறுக்கவேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

தமிழகத்தில் காப்பி நடுத்தர வகுப்பாரின், குறிப்பாகப் பிராமணரின், பெருமிதப் பானமாகவும் தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்தமையை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மலாயாவில் இப்பிரிவினை அதே வடிவில் வேர்கொள்ளவில்லை. காப்பி சீனர் கடைக்கும் தேநீர் இந்தியர் கடைக்கும் என ஒருவகை வேறுபாடு தோன்றினாலும் இருவரும் இரண்டையும் விற்றனர்.

தேயிலை இந்நாட்டிலேயே பெருமளவில் பயிராகத் தொடங்கியது ஜே. ஏ. ரஸல் 1929இல் கேமரன் மலையில் போ தோட்டத்தை நிறுவிய பின்னர். அதில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். மலைப்பயிர் என்றே தேயிலையை எண்ணுவோர்க்கு வியப்பளிக்கும் செய்தி, அந்நிறுவனத்தின் தோட்டங்களுள் ஒன்றான புக்கிட் சீடிங் சிலாங்கூரின் தாழ்நிலத்தில், கிள்ளானுக்குத் தெற்கே அமைந்தது என்பதாகும்.

தேநீருடன் பால் சேர்ந்த கதை வேறொரு திசையிலிருந்து வருகிறது. ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் என்னும் பெயரில் நெஸ்லே 1912இல் பினாங்கில் கால் பதித்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வெப்பநாட்டில், திறந்து வைத்தாலும் சில நாள் கெடாத இனிப்புத் தகரப்பால் கடைக்காரருக்கு வரமாயிற்று. சர்க்கரையும் பாலும் ஒரே கரண்டியில் கிடைத்தன. ஆனால் அப்பால் கனமானது. குவளையின் அடியில் தங்கிவிடும். இரு குவளைகளுக்கிடையே உயரத் தூக்கி ஊற்றினால் அது கலக்கும், சூடு தணியும், நுரை எழும். தமிழர் காப்பியை ஆற்றிய அதே கைவினை, மலாயில் இழுத்தல் என்னும் பொருள்படும் தாரிக் என்னும் சொல்லோடு சேர்ந்து 'தே தாரிக்' ஆயிற்று. இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் இதனைப் பரப்பினர். இன்று அது மலேசியரின் பொதுப்பானம்.

தகரப்பாலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றினார். தாய்ப்பாலுக்கு மாற்றாக இனிப்புக் கெட்டிப்பாலைக் குழந்தைகளுக்குப் புகட்டத் தூண்டிய விளம்பரங்களை அவர் அவ்வுரையில் கடுமையாகச் சாடினார். தேநீரில் இனித்த அதே பொருள் தொட்டிலில் உயிரைக் குடித்தது. இன்பங்களைப் பற்றி எழுதுவோர் இதனை விட்டுச்செல்லலாகாது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தையும் இவ்விடத்தில் கருதவேண்டும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவை நீக்கல் ஆகியவற்றுடன் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்று. அரசு நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் 1947இல் கள்ளுக்கடைகள் முன் மறியல் செய்தபோதும் அடக்குமுறை வந்தது. கள்ளை விரும்பிக் குடித்த கூட்டமாக மட்டும் சித்திரிக்கப்பட்ட மக்கள், அதனை மூடுமாறு கேட்டு உயிரையும் பணயம் வைத்தனர் என்பது கள்ளுக் கோப்புகளை மீண்டும் ஒருமுறை படிக்கத் தூண்டுகிறது. அம்மக்கள் கேட்ட வாழ்க்கையில் மிதிவண்டியில் நிமிர்ந்து சென்று கடைத்தெருவில் ஒரு தேநீர் குடிப்பதும் அடங்கும் எனக் கொள்வது தவறாகாது.

பாலும் தயிரும்

தோட்டத்துத் தமிழில் பால் என்றால் அது மாட்டுப்பால் அன்று. பால்மரம், பால் வெட்டு, பால் வாளி, ஒட்டுப்பால் என அச்சொல் முழுவதையும் ரப்பர் எடுத்துக்கொண்டது. அகிலன் மலேசியத் தோட்ட வாழ்வைப் பற்றி எழுதிய புதினத்துக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்றே பெயரிட்டார். மானிடவியலாளர் ரவீந்திர ஜெயின் தாம் ஆய்ந்த தோட்டத்துக்குப் 'பால் மெலாயு' என்று புனைபெயர் சூட்டினார். அதன் முதற்சொல் தமிழர் செவியில் பாலாகவே ஒலிக்கும். மரத்துப்பாலையும் அமிலம் சேர்த்து உறையவைத்தனர். பகலில் துரையின் பாலை உறையவைத்த மக்கள் இரவில் தம் பாலுக்கு உறை ஊற்றினர். ஒன்று கப்பலேறிச் சென்றது. மற்றொன்று மறுநாள் பழைய சோற்றில் விழுந்தது.

தம் பால் எங்கிருந்து வந்தது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் காய்கறித் தோட்டத்துக்கோ மேய்ச்சலுக்கோ ஒதுக்கப்படவேண்டும் என வகுத்தது. காகிதத்தில் இருந்த அளவு மண்ணில் எங்கும் கிடைத்தது என்று கூறவியலாது. எனினும் லயங்களையொட்டி மாட்டுக் கொட்டகைகள் எழுந்தன. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நியமக் கூலியாக இருந்த நிலையில், ஒரு கறவை மாடு குடும்பத்துக்கு இரண்டாம் சம்பளம் போன்றது. இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட மாடுகளின் வழிவந்த இனத்தைக் கால்நடைத் துறையார் 'உள்ளூர் இந்தியக் கறவை' எனத் தனி வகையாகவே குறிப்பிடுகின்றனர். குடியேறியவர் பெயரை மாட்டுக்கும் சூட்டிய நிகழ்ச்சி இது.

பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயர்மகள் மோர் விற்றுத் தானியம் பெறுகிறாள். நெய்யை விற்ற விலைக்குப் பொன் வாங்காமல் எருமையும் பசுவுமே வாங்குகிறாள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய அப்பொருளியல் கிள்ளான் தோட்டங்களிலும் தொடர்ந்தது. மாடு பெண்களின் பொறுப்பில் இருந்தது. பால் விற்ற காசு கூலிக்கணக்கில் சேராமல் வீட்டிலேயே தங்கியது. கள்ளுக்கடைக்குச் செல்லாத காசு அது. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் இளமனைவி தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு சமைக்கிறாள். கணவன் இனிது என்று சொல்லி உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்கிறது. இப்பாடலை ஆண்டுதோறும் கற்பிக்கும் நாம், அதே தயிரை லயத்துச் சமையலறையில் பிசைந்த பாட்டிமாரை ஆய்வுப்பொருளாகக் கருதவில்லை.

மலாய் மொழியில் தயிருக்கு இரு சொற்கள் உண்டு. ஒன்று டாடிஹ், வடமொழியின் ததி என்பதன் வழி வந்தது. சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் எருமைப்பாலை மூங்கில் குழாயில் ஊற்றி உறையவைக்கும் பண்டம் இப்பெயர் பெறும். மலேசியாவில் இன்று டாடிஹ் என்பது பெரும்பாலும் இனிப்பிட்ட பால்கட்டி. மற்றொன்று தாய்ரு, தமிழ்த் தயிரே. பழைய சொல் இனிப்புப் பண்டமாக விலகிவிட, புளித்த கெட்டித்தயிருக்குத் தமிழ்ச்சொல் நிலைத்தது. இன்று பேரங்காடிகளில் நெகிழிக் கிண்ணங்களின் மீது அச்சொல் உரோமன் எழுத்தில் அச்சாகி விற்கிறது. அதே ததி தமிழிலும் வேறு வழியில் வாழ்கிறது: பெருமாள் கோயிலில் தரப்படும் தயிர்ச்சாதத்தைத் தத்தியோதனம் என்பர். கிள்ளான் பெருமாள் கோயிலில் புரட்டாசியன்று ததியை உண்டவர், வெளியே கடையில் தாய்ருவை வாங்கிக்கொண்டு போகிறார்.

ஐரோப்பாவில் தயிர் மருந்தாக நுழைந்தது. உருசிய அறிஞர் மெச்னிக்காவ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை நீண்ட ஆயுளோடு இணைத்துப் பேசினார்; 1919இல் பார்சலோனாவில் தோன்றிய டனோன் நிறுவனத்தின் தயிர் மருந்துக்கடைகளில் விற்கப்பட்டது. தமிழர் அதனை வயிற்றுக்கு இதம் என்று அறிந்திருந்தும் மருந்தாக எண்ணவில்லை. வாழையிலைச் சோற்றில் சாம்பார், ரசம் முடிந்து கடைசியாக வருவது தயிரோ மோரோ. காரத்தை ஆற்றுவது, மீண்டும் அதே வினை.

ரப்பர் விலை வீழ்ந்து செம்பனை பரவியதும், 1980களுக்குப்பின் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாக மாறியதும் மாட்டுக் கொட்டகையை அழித்தன. அடுக்குமாடி மலிவுவிலை வீட்டுக்கு மாட்டை ஏற்றிச் செல்ல இயலாது. கூலியை இழந்ததற்கு இழப்பீடு கேட்டுப் போராடியோர் உண்டு; வீடு கேட்டோரும் உண்டு. மாட்டோடு போன வருவாயையும் தயிரையும் எவரும் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. கொட்டகைகள் சில நகரோரப் புறம்போக்குகளில் ஒதுங்கின. அங்கிருந்தும் பல விரட்டப்பட்டன.

தகரப்பாலின் இடத்தையும் வேறொன்று பிடித்துள்ளது. ஒட்டுக்கடைத் தேநீரில் இன்று பரவலாகச் சேர்க்கப்படுவது 'இனிப்புக் கிரீமர்' என்னும் பெயர் தாங்கிய பண்டம். அதில் செம்பனை எண்ணெய் சேர்கிறது. மாட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் அகற்றிய அதே செம்பனை பாலாகக் குவளைக்குள் வந்துள்ளது. பண்டமாரான் கடைகளில் முதியோர் சிலர் 'தே ஓ' மட்டும் கேட்பதற்கு நீரிழிவு ஒன்றே காரணமாக இருக்கவேண்டியதில்லை.

லயத்தில் தயிர் உறையவைத்த பெண்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர்கள் கூலியையும் துரையையும் பற்றிக் கேட்பது வழக்கம். அவர்கள் உறைமோரைப் பற்றியும் கேட்டுவரவேண்டும். பால் திரிந்து உறை கெட்ட நாளில் எந்த வீட்டுக்குக் கிண்ணத்தோடு போனார்கள்? விளக்கு வைத்தபின் மோர் கொடுக்கலாகாது என்னும் தமிழர் வழக்கத்தை லயத்தில் கடைப்பிடித்தார்களா? மேல்வரிசை லயத்தின் உறைமோர் கீழ்வரிசைக்குச் சென்றதா, கீழ்வரிசையினது மேலே வந்ததா?